மேப்பிள் மர நிழலில் ட்ரில்லியம் நிலைக்குமா?

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நீங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் பெரியதொரு மேப்பிள் மரம் நிற்பதாகவும், அதன் கீழ் இரண்டு தடவை புல் விதைத்தும் பிடிக்காமற் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உறவினர் ஒருவர் மூன்று வருடங்களுக்கு முன் தம் நண்பரின் காணியிலுள்ள காட்டிலிருந்து, வசந்தத்தில் பூக்கும் காட்டுச் செடியான வெள்ளை ட்ரில்லியத்தின் பூத்திருந்த கன்றுகள் நான்கைத் தோண்டி வந்து அங்கே நட்டார். அடுத்த வசந்தத்தில் இரண்டு மட்டுமே எழும்பின. அவற்றில் ஒன்று பூத்தது. அந்தப் பூவை உங்கள் மகன் தண்டோடு பறித்து அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டான். இந்த வருடம் ஒரேயொரு இலை மாத்திரம் தலைகாட்டி, அதுவும் ஜூலையில் மஞ்சளாகி மறைந்துவிட்டது. மண் வளம் போதவில்லையோ என்று மண்புழு வாங்கி விட்டதாகவும், இனி அந்த இடத்தைக் கொத்திப் புரட்டிப் புதிதாகத் தொடங்கலாமா என்று யோசிப்பதாகவும் சொல்லி, எங்கே பிழைத்தது என்று கேட்கிறீர்கள். ட்ரில்லியத்தைப் பறித்தால் தண்டம் கட்ட வேண்டுமா என்பது உங்கள் இன்னொரு கேள்வி.

முதலில் ஒரு வேண்டுகோள்: அந்த இடத்தைக் கொத்தாதீர்கள். உங்கள் செடி இறந்துவிட்டது என்பதற்குக் கடிதத்தில் எந்தச் சான்றும் இல்லை. கோடை நடுவில் இலை மஞ்சளாகி மடிவது இச்செடியின் இயல்பு. நம் ஊர் வேலிகளில் மழை கண்டதும் எழுந்து படர்ந்து பூத்து, பின்னர் கொடி முழுவதும் காய்ந்து கிழங்கு மாத்திரம் மண்ணுள் உறங்கும் கார்த்திகைப்பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ட்ரில்லியமும் அதே பழக்கமுடையது. இரண்டும் வேறு வேறு குடும்பங்களாயினும் லில்லி வரிசையைச் சேர்ந்த தூரத்து உறவுகள். ஒன்று மழைக்காக உறங்குகிறது, மற்றது வெயிலுக்காக. பனி உருகி மண் இளகிய பின், மேப்பிள் மரம் இலைவிட்டுக் கூரை வேய்வதற்கு முன், காட்டுத் தரைக்கு நேரடி வெயில் கிடைப்பது சில கிழமைகள்தான். ஏப்ரல் கடைசி முதல் மே வரையுள்ள அந்தக் குறுகிய காலத்தை நம்பியே இச்செடி இலைவிட்டுப் பூக்கிறது. அதன் பின் நிழலில் மிஞ்சும் வெளிச்சத்தைக் கொண்டு கோடையின் நடுப்பகுதி வரை இலையை வைத்திருந்து, சேர்த்ததையெல்லாம் கிழங்கில் வைத்துவிட்டு ஒடுங்குகிறது.

மண்ணுக்குக் கீழே இருப்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் நான்கு கன்றுகளுக்கும் நேர்ந்தது புரியும். அது சின்ன விரலளவோ பெருவிரலளவோ பருமனுள்ள, கிடையாக வளரும் ஒரு கிழங்குத்தண்டு. அதன் நுனியில் அடுத்த வருடத்துக்குரிய மொட்டு, இலையும் பூவும் உள்ளே மடித்து வைக்கப்பட்ட நிலையில், முந்தைய கோடையிலேயே உருவாகத் தொடங்கிவிடும். உடலெங்கும் மோதிரம் மோதிரமாகத் தழும்புகள் இருக்கும்; அவை கழிந்துபோன வருடங்களின் தடங்கள். அடிப்பக்கத்திலிருந்து இறங்கும் தடித்த வேர்களோ கிழங்கைவிடப் பல மடங்கு நீளமாக ஓடுகின்றன. பூத்து நிற்கும் செடியை மண்வெட்டியால் கெல்லும்போது அந்த வேர்களில் பாதிக்கு மேல் அறுந்துபோகின்றன. இலை முழுவதுமாக விரிந்து நீர் கேட்கும் வேளையில் வேர் இல்லாமற் போனால் இலை வாடாமல் என்ன செய்யும்? முதல் வருடத்திலேயே இரண்டு கன்றுகள் போனதற்குக் காரணம் உங்கள் மண்ணோ உங்கள் கவனக்குறைவோ அல்ல. அவை பெயர்க்கப்பட்ட மாதமும் விதமுமே.

பூவைப் பறித்ததற்கு வருவோம். சிறுவனை நொந்துகொள்ள வேண்டாம். அவ்வளவு அழகான பூவை அம்மம்மாவுக்குக் கொடுக்க நினைத்தது பிழையில்லை. ஆனால் இந்தச் செடியின் அமைப்பை அவனுக்கு ஒரு தடவை காட்டிக் கொடுங்கள். ஒரு தண்டு, அதன் உச்சியில் மூன்று இலைகள், அவற்றுக்கு மேல் மூன்று பச்சைப் புல்லிகள், மூன்று வெள்ளை இதழ்கள். வேறு கிளையோ வேறு இலையோ கிடையாது. தாவரவியலார் அந்த மூன்று இலைகளைப் பூவடிச்செதில்கள் என்று வகைப்படுத்துவார்கள். பெயர் எதுவானாலும் அந்த வருடத்துக்கான உணவு முழுவதையும் சமைக்கும் அடுப்படி அவைதான். ரோசாச் செடியில் ஒரு பூவை வெட்டினால் மறுகிளை பூக்கும். ட்ரில்லியத்தைத் தண்டோடு பறித்தால் அடுப்படியே போய்விடுகிறது, அந்த வருடம் மறுபடி இலை விடாது. கிழங்கு தன் சேமிப்பைத் தின்று உயிர் தாங்குகிறது. சேமிப்புக் குறைந்த கிழங்கு அடுத்த வருடம் பூக்காது. மூவிலைப் பருவத்திலிருந்து இறங்கி, நாற்றுப் போல ஒற்றை இலையை மாத்திரம் விடுவதும் உண்டு. சில வேளைகளில் ஒரு வருடம் முழுவதும் மேலே எதுவும் காட்டாமல் மண்ணுள் கிடப்பதும் உண்டு. நீங்கள் இந்த வருடம் பார்த்த ஒற்றை இலைக்குப் பொருள் அதுவே. அது மீண்டும் மூன்று இலை விட்டுப் பூப்பதற்குச் சில வருடங்கள் எடுக்கலாம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

சட்டம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். வெள்ளை ட்ரில்லியம் 1937ஆம் ஆண்டிலிருந்து ஒன்ராறியோ மாகாணத்தின் மலர்ச் சின்னம். உங்கள் சுகாதார அட்டையிலுள்ள மூவிதழ் முத்திரையும் அதுதான். அதனால் எங்கே பறித்தாலும் குற்றம் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. உங்கள் சொந்த வளவில் வளர்ந்த பூவை மகன் பறித்ததற்கு யாரும் தண்டம் விதிக்கப் போவதில்லை. மாகாணப் பூங்காக்களிலும் நகரப் பூங்காக்களிலும் எந்தச் செடியையும் பறிப்பதும் தோண்டுவதும் தடை. தனியார் காணியில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு வகையான தொங்குபூ ட்ரில்லியம் இம்மாகாணத்தில் அருகிப்போய் அழியும் நிலையிலுள்ளதாகப் பட்டியலிடப்பட்டது என்பதால், பூத்தலை கீழ்நோக்கித் தொங்கும் எதையும் எங்கே கண்டாலும் கை வைக்காதீர்கள். ஆனாலும், உரிமையாளர் சம்மதித்தாலும் காட்டிலிருந்து தோண்டாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. அதற்குக் காரணம் இச்செடியின் வயது.

ஒரு ட்ரில்லியம் விதை ஓகஸ்ட் மாதம் மண்ணில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற் குளிர்காலம் கழிந்தபின் அது வேர் மாத்திரம் விடும். மேலே ஒன்றும் தெரியாது. இரண்டாவது குளிர்காலமும் கழிந்த பிறகே விதையிலை வெளியே வரும். அதற்கடுத்த வருடத்தில் சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரிய ஒற்றை இலை. இப்படியே ஒற்றை இலையாகச் சில வருடங்கள், பிறகு மூவிலையாகச் சில வருடங்கள். முதற் பூவைக் காண்பதற்கு பொதுவாக 7 முதல் 10 வருடங்கள் வரை செல்லும். உங்கள் உறவினர் தோண்டி வந்த நான்கு பூத்த செடிகளும் உங்கள் மகனை விட மூத்தவையாக இருந்திருக்கலாம். காட்டில் வெள்ளைக் கம்பளம் விரித்தாற்போல் தெரியும் ஒரு திடல், பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்லச் சேர்ந்த குடியிருப்பு. அங்கே விடப்படும் பள்ளம் விரைவில் நிரம்பாது.

விதைகள் பரவும் விதமும் அதே நிதானமுடையது. முற்றிய காய் வெடிக்கும்போது வெளியே வரும் பழுப்பு விதை ஒவ்வொன்றிலும் வெண்மையான, கொழுப்புச் சத்துள்ள சிறு சதைப்பற்று ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காக விதையை இழுத்துச் செல்கின்றன. புற்றுக்குள் சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையோடு ஒதுக்குகின்றன. என் வளவில் ஒரு கோடைக் காலையில் இதைக் குனிந்திருந்து பார்த்திருக்கிறேன். தன் உடலை விடப் பெரிய விதையை ஓர் எறும்பு பின்னோக்கி நடந்தபடி இழுக்க, காய்ந்த மேப்பிள் இலையின் விளிம்பில் அது சிக்கிக்கொள்ள, இன்னொரு எறும்பு மறுமுனையைப் பிடித்துத் தூக்கியது. கால்மணி நேரத்தில் அவை கடந்த தூரம் ஒரு முழம் இருக்கும். மான்கள் தின்று எச்சத்தில் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோவதும் உண்டென்றாலும், ஒரு காட்டின் ட்ரில்லியங்கள் பெரும்பாலும் இந்த முழக்கணக்கில்தான் பரவியிருக்கின்றன.

ஆகவே கன்று வாங்குங்கள். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இது உங்கள் நாற்றுமேடையில் விதையிலிருந்தோ கிழங்குப் பிரிப்பிலிருந்தோ வளர்ந்ததா?” நாற்றுமேடையில் சில காலம் வைத்திருந்ததையே ‘நாற்றுமேடையில் வளர்ந்தது’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன் நான் அப்படி ஓரிடத்தில் ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து சட்டியைக் கவிழ்த்தபோது கன்று கையோடு வந்தது, மண் தனியே கொட்டியது. வேர்கள் மண்வெட்டியால் நேராக வெட்டப்பட்டிருந்தன. மண்ணுக்குள் காட்டு மரமான பீச்சின் (beech) இலைத் துண்டுகளும் காட்டுப்பூண்டின் குருத்தும் கிடந்தன. காட்டிலிருந்து தோண்டிச் சட்டியில் இட்டிருக்கிறார்கள். சட்டியிலேயே வளர்ந்த செடியானால் வேர்கள் மண்ணைச் சுற்றிப் பிடித்து நிற்கும். மலிவான விலைக்குப் பூத்த செடிகள் நிறையக் கிடைக்குமானால் சந்தேகப்படுங்கள். ஏழெட்டு வருட உழைப்பை யாரும் மலிவாக விற்க மாட்டார்கள். 1984ஆம் ஆண்டு காட்டுப்பூச் சங்கமாகத் தொடங்கி, இன்று ரொறன்ரோவை மையமாகக் கொண்டு இயங்கும் வட அமெரிக்கத் தாயகத் தாவரச் சங்கம் போன்றவற்றில் விசாரித்தால் நம்பிக்கையான இடங்களை அறியலாம். பச்சைக் கோடு விழுந்த இதழ்களையுடைய செடியை அபூர்வ வகை என்று யாரேனும் காட்டினால் வாங்க வேண்டாம். அது பைற்றோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் நோய். மற்றச் செடிகளுக்கும் பரவக்கூடியது. வெள்ளை இதழ்கள் முதிர்ந்து இளஞ்சிவப்பாவதோ நோயல்ல, இயல்பு.

இனி மண். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மண்புழு விட்ட செய்திதான். மண்புழு உழவனின் தோழன் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் நாம். நம் ஊர்த் தோட்டத்துக்கும், இங்கே தக்காளிப் பாத்திக்கும் அது உண்மையே. ஆனால் ஒன்ராறியோவின் காடு வேறு வரலாறு உடையது. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் வரை இந்த நிலம் பெரும் பனிப்பாளத்தின் கீழ் கிடந்தது. பனி விலகிய பின் எழுந்த காடு மண்புழு இல்லாமலே வளர்ந்தது. இன்று இங்கு காணப்படும் மண்புழுக்களில் பெரும்பாலானவை ஐரோப்பியக் குடியேற்றத்தோடு வந்தவை. மண்புழு இல்லாத காட்டில் சருகு மெதுவாகவே மக்கும். வருடக்கணக்கில் படிந்த அந்த மெத்தென்ற மக்குப் படையில்தான் ட்ரில்லியத்தின் விதை முளைக்கிறது, இளவேர் ஓடுகிறது, அதற்கு உதவும் பூஞ்சைகள் வாழ்கின்றன. மண்புழுக்கள் பெருகினால் அந்தப் படையைச் சில வருடங்களில் தின்று தீர்த்து, வெறும் மண்ணை விட்டுவிடுகின்றன. ஆசியாவிலிருந்து வந்து, தொட்டால் பாம்பு போலத் துள்ளும் ‘குதிக்கும் புழு’ இன்னும் மோசமானது. அது இருக்கும் இடத்தில் மேல்மண் கோப்பித்தூள் கொட்டியதுபோல உதிரி உதிரியாகக் கிடக்கும். எங்கிருந்து கன்று வாங்கினாலும், யார் அன்பளிப்பாகத் தந்தாலும், சட்டி மண்ணில் அந்தத் தோற்றம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நடாதீர்கள்.

ஏற்கெனவே விட்டவற்றைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதற்காக மனம் உடைய வேண்டியதில்லை; மண்புழு உள்ள நகர வளவுகள் பலவற்றில் ட்ரில்லியம் நன்றாகவே பூக்கிறது. இனிமேல் புழு சேர்க்காமல், அவை தின்னும் வேகத்துக்கு ஈடாக ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் சருகைத் திரும்பக் கொடுத்து வந்தாற் போதும். இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு பழக்கத் தடை இருக்கிறது. விடிந்ததும் முற்றம் கூட்டி, ஒரு சருகில்லாமல் வைத்திருப்பதே வீட்டுக்கு அழகு என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஒக்ரோபரில் மேப்பிள் இலைகளையெல்லாம் வாரி, பழுப்புத் தாள் பைகளில் அடைத்து வீதியோரம் வைத்துவிட்டு, மேயில் கடைக்குப் போய்ப் பசளை வாங்கி வருகிறோம். இந்த வருடம் அந்தப் பைகளைக் கட்டாதீர்கள். மேப்பிள் இலை முழுதாக நனைந்தால் தாள் அடுக்கினாற்போல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், புல்வெட்டும் இயந்திரத்தை அதன் மேல் இரண்டு தடவை ஓட்டித் துண்டாக்கி, ட்ரில்லியம் நிற்கும் இடத்தில் 5 முதல் 7 சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்புங்கள். இச்செடிக்கு வேறு பசளை தேவையில்லை. புல்தரைக்கு இடும் பசளையும் களைக்கொல்லியும் அந்தப் பக்கம் போகவே கூடாது.

உங்கள் மேப்பிள் எந்த வகை என்பதையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓர் இலையை அதன் காம்போடு பறித்து, காம்பை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் அது நோர்வே மேப்பிள். தெளிந்த நீர் கசிந்தால் சீனி மேப்பிள் அல்லது வேறு தாயக வகை. சீனி மேப்பிளானால் ட்ரில்லியம் தன் சொந்த வீட்டிலேயே இருக்கிறது. நோர்வே மேப்பிளின் நிழல் அடர்த்தியானது, அதன் நுண்வேர்கள் மேல்மண்ணிலேயே பாய் பின்னியதுபோல் பரவி ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். புல் பிடிக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் அடிமரத்தை ஒட்டி நடாமல், கிளைக்கூரையின் வெளி விளிம்புக்கு வந்துவிடுங்கள். அங்கே வசந்த வெயில் கூடுதலாகவும் வேர்ப்பின்னல் குறைவாகவும் இருக்கும். வேரை மூடிப் புதுமண்ணை உயரமாகக் கொட்டிப் பாத்தி கட்டும் எண்ணம் வேண்டாம். மரத்துக்கு மூச்சு முட்டும். வேர்களுக்கிடையே கையளவு குழிகள் தோண்டி, அந்த மண்ணோடு மக்கிய இலைத்தூளைக் கலந்து நிரப்புவதே சரி.

நடுவதற்கு உகந்த காலம் செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்கள். மேலே இலை இராது, கிழங்கு உறக்கத்தில் இருக்கும், மண்ணில் இன்னும் வெதுவெதுப்பு இருப்பதால் உறைபனிக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். கிழங்கைக் கிடையாக, மொட்டு நுனி சற்று மேல்நோக்கியிருக்க, 7 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில், ஒன்றுக்கொன்று ஓரடி இடைவெளியில் வையுங்கள். கடையில் உலர்ந்து சுருங்கிய கிழங்குகள் பையில் தொங்கினால் விட்டுவிடுங்கள், அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. மூன்று அல்லது ஐந்து கன்றுகள் தொடக்கத்துக்குப் போதும். முதலிரண்டு கோடைகளிலும் மழை பெய்யாத கிழமைகளில் ஒரு தடவை ஆழ நனையும்படி தண்ணீர் விடுங்கள். நாள்தோறும் தெளிப்பதால் பயனில்லை.

ஜூலைக்குப் பின் அந்த இடம் வெறிச்சோடுமே என்று கவலைப்படுவீர்கள். அதே காட்டில் அதனோடு வாழும் செடிகளை அருகே வையுங்கள். காட்டிஞ்சியின் இதய வடிவ இலைகள் பனிக்காலம் நெருங்கும் வரை தரையை மூடியிருக்கும். நம் சமையல் இஞ்சிக்கும் அதற்கும் உறவில்லை, உண்ணவும் கூடாது. பன்னச் செடிகளும் நுரைப்பூச் செடியும் நல்ல துணைகள். முன்பிருந்தவர்கள் நட்டுவிட்டுப் போன வின்கா கொடியோ பள்ளத்தாக்கு லில்லியோ அங்கே படர்ந்திருந்தால் அவற்றை முதலில் கையால் களைந்துவிடுங்கள். அவை பரவும் இடத்தில் ட்ரில்லியத்தின் நாற்று எழாது. கசக்கினால் பூண்டு மணக்கும் இலையுள்ள காட்டுப்பூண்டுக் கடுகையும் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். உங்கள் வளவு ஆற்றுப் பள்ளத்தை ஒட்டியிருக்குமானால் மான் வரும். பூத்த பெரிய செடிகளையே அது தேடித் தின்னும் என்பதால் மே மாதத்தில் ஒரு கம்பி வலைக் கூடு தேவைப்படும்.

விதை போட்டுப் பார்க்க மகன் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். காய் மென்மையாகி வெடிக்கத் தொடங்கும்போது விதையை எடுத்து, உலர விடாமல் அன்றே, செடிக்கு ஒரு முழத் தொலைவில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் இட்டு, சருகால் மூடி, கல்லொன்றை அடையாளம் வையுங்கள். இரண்டு வசந்தங்களுக்கு அங்கே எதையும் பிடுங்கக் கூடாது என்பது அவனுக்குச் சொல்ல வேண்டிய ஒரே கட்டளை, ஏனெனில் ஒற்றை இலை நாற்றைக் களையென்று பிடுங்கிவிடும் ஆபத்து பெரியவர்களுக்குத்தான் அதிகம்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஒற்றை இலை நின்ற இடம் நினைவிலிருக்கும்போதே அதைச் சுற்றி நான்கு குச்சிகளை ஊன்றி நூல் கட்டிவிடுங்கள். அதற்குள் யாரும் மிதிக்கவும் வேண்டாம், கொத்தவும் வேண்டாம். இலையுதிர்காலத்தில் அதற்கும் ஒரு பிடி சருகுத்தூள் கொடுங்கள். ஏப்ரல் கடைசியில் சருகை விலக்காமல், தரையோடு கண்ணை வைத்துப் பாருங்கள்: சுருட்டிய குடைபோல ஒரு முனை சருகைத் துளைத்து வந்திருந்தால் அது எத்தனை இலையாக விரிகிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டக்கலை ஆலோசகர்